லிஸ்ன் பெட்டியைச் செருகினால் வீடே இருட்டாகிறது, அவசரம்

சிப்புட்குமரன்:
வணக்கம். ஆம்ப்ளிஃபையருக்கு நானே செய்த பவர் சப்ளையை ஈப்போவில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், அது கரண்டு ஒயரில் விடும் மின் இரைச்சலை வீட்டிலேயே அளந்துவிடலாம் என்று லிஸ்ன் (கரண்டுக்கும் சப்ளைக்கும் நடுவே மாட்டி அந்த இரைச்சலைப் பிரித்தெடுக்கும் பெட்டி) வாங்கினேன். செருகியதும் டப்பென்று எல்லாம் அணைகிறது. பெட்டி கெட்டதா?

கிளாங்கலா:
அணைவது எம்.சி.பி.யா (கரண்டு அதிகமானால் விழுவது), இ.எல்.சி.பி.யா (எர்த்துக்குக் கசிந்தால் விழுவது)? பவர் சப்ளை மாட்டியிருந்ததா? லிஸ்ன் எத்தனை மைக்ரோஹென்றி? காடி (கார்) சாமான்களுக்கான 5 மைக்ரோஹென்றிப் பெட்டி என்றால் 240 வோல்ட்டில் செருகவே கூடாது.

லயத்துப்பையன்:
சுங்கை சிப்புட் பக்கம் பழைய ஒயரிங்தானே. எங்கள் வீட்டில் மழை பெய்தாலே விழும். ஒயர்மேனைக் கூப்பிடுங்கள் லா.

சிப்புட்குமரன்:
இ.எல்.சி.பி. 50 மைக்ரோஹென்றி. வெறும் பெட்டிதான், எதுவும் மாட்டவில்லை.

ரிப்பேர்மணி:
பிளக்கின் எர்த் காலைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். விழாது.

டத்தோடையோடு:
மின்சுற்றுப் படத்தைப் பார்க்காமலே பெட்டி வாங்குகிறவர்கள் குறையவே மாட்டார்கள் போல. லிஸ்னுக்குள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பெரிய கெப்பாசிட்டர் உண்டு. 8 மைக்ரோஃபாரட் என்று வைத்தால் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.6 ஆம்பியர் எர்த்துக்குப் போகும். 30 மில்லியாம்பியர் இ.எல்.சி.பி. விழாமல் என்ன செய்யும்? 100 என்றாலும் விழும். பெட்டி நன்றாகவே இருக்கிறது. மணி சொன்னபடி எர்த்தைக் கழற்றினால் பெட்டியின் உடம்பில் பாதி வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். தொட்டால் ஆள் காலி.

கிளாங்கலா:
திட்டாமலும் சொல்லலாம் டத்தோ. குமரன், 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்டேஜை மாற்றாமல் வீட்டு லைனிலிருந்து பிரித்துவைப்பது) வைத்து அதற்குப் பின்னால் லிஸ்னைப் போடுங்கள். எர்த் கட்டாயம் வேண்டும். கசிவு டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கச் சுருளான செகண்டரிக்கே திரும்பிவிடும், இ.எல்.சி.பி.க்குத் தெரியாது. அதே காரணத்தால் அந்தப் பக்கம் நீங்கள் ஷாக் வாங்கினாலும் அது காப்பாற்றாது, கவனம். அளக்க டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) வைத்திருந்தால், சிக்னலைக் குறைக்கும் 10 டிபி அட்டெனுவேட்டரும் அதிக வோல்ட்டேஜைத் தடுக்கும் லிமிட்டரும் இல்லாமல் அதை லிஸ்னில் மாட்டாதீர்கள். சப்ளையை ஆன் செய்த பிறகு அதை மாட்டுங்கள்.

டத்தோடையோடு:
டைனிஎஸ்ஏ பொம்மை. முறையான குவாசி-பீக் (இரைச்சல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் எடைபோடும் அளவு) இல்லாமல் அளப்பது அளவே இல்லை.

கிளாங்கலா:
பீக் அளவு குவாசி-பீக்கைவிடக் குறையவே குறையாது. பீக்கே வரம்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் குவாசி-பீக்கைப் பற்றி என்ன கவலை? ஆவரேஜ் கோடு 10 டிபி கீழே இருக்கிறது, அதைத்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

லயத்துப்பையன்:
இவ்வளவு செலவு எதற்கு? மீடியம் வேவ் ரேடியோவை ஒயர் பக்கத்தில் வைத்தால் கொர்ரென்று கேட்கும். என் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

ரிப்பேர்மணி:
அது காற்றில் வருவது தம்பி, ஒயரில் வருவது வேறு.

லயத்துப்பையன்:
ஒயர்தானே ஆன்டெனா?

டத்தோடையோடு:
ஐயோ.

சிப்புட்குமரன்:
டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தது. விழவில்லை. 195 கிலோஹெர்ட்ஸில் கோட்டுக்கு மேலே 8 டிபி. நன்றி.

கிளாங்கலா:
சப்ளையின் ஸ்விட்சிங் வேகம் 65 கிலோஹெர்ட்ஸா? 65, அதன் இரு மடங்கு 130 இரண்டும் வரம்பு தொடங்கும் 150-க்குக் கீழே தப்பிவிடும், மூன்றாவது ஹார்மானிக் (மூன்று மடங்கு) 195-இல் மாட்டும். அங்கே கோடு ஏறத்தாழ 64 டிபி மைக்ரோவோல்ட். இவ்வளவு கீழே பெரும்பாலும் டிஃபரென்ஷியல் மோடுதான் (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஓடும் இரைச்சல்), முதலில் அந்த இரண்டுக்கும் நடுவே போடும் எக்ஸ் கெப்பாசிட்டரைக் கூட்டுங்கள். அட்டெனுவேட்டரின் 10 டிபியைக் கணக்கில் சேர்த்தீர்களா? சப்ளையை அணைத்துவிட்டு ஒரு தடவை அளந்தீர்களா?

கிளாங்கலா:
குமரன்?