மறு: ஸ்னோபேக் – 'பனித்தேக்கம்' சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்னோபேக் (snowpack) என்பது குளிர்காலம் முழுக்க மலையில் விழுந்து, உருகாமல் தங்கிக் கிடக்கும் பனி. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை பனிப்பொதி, பனிக்குவியல், பனியடுக்கு மூன்றும் வந்திருக்கின்றன. ரெய்னியர் மலையைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதால் மூன்றையும் அதில் போட்டுப் பார்த்தேன். ரெய்னியர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் எரிமலை. உயரம் 4,392 மீட்டர். ஸ்னோபேக் என்ற சொல் அங்கே ஆற்றை அளப்பவர், அணையைப் பார்ப்பவர், மலையேறுபவர், பனிச்சறுக்கு விளையாடுபவர் என எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஒருவருக்குப் பொருந்தி இன்னொருவருக்கு உதைக்கிற சொல் நிலைக்காது.

> பேக் என்றால் பொதி. பனிப்பொதி என்று முடித்துவிடலாமே?

பொதி என்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற சுமை. இது கிடந்த இடத்திலேயே கிடப்பது. இலையுதிர்காலக் கடைசியிலிருந்து விழுகிற பனி, முன்பு விழுந்ததன்மேல் விழுந்து, அழுந்தி, இறுகி, கோடை தொடங்கும்வரை அதே சரிவில் இருக்கிறது. அப்புறம் உருகி நிஸ்க்வாலி, புயாலப், கார்பன், ஒயிட், கௌலிட்ஸ் ஆறுகளில் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். ஜூலை, ஆகஸ்டில் வானம் வறண்டுவிடும். குளிர்காலத்து நீரைக் கோடைக்குப் பிடித்துவைப்பதை முதலில் செய்வது மலை. நிஸ்க்வாலியின் குறுக்கே நிற்கும் ஆல்டர் அணையெல்லாம் அதற்குக் கீழேதான். பிடித்துவைத்தல் என்ற இந்தக் கருத்து சொல்லுக்குள் வந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

நீர்த்தேக்கம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீர் தேங்கினால் நீர்த்தேக்கம், பனி தேங்கினால் பனித்தேக்கம். யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இதில் இன்னொரு வசதி. மேட்டூர் அணைச் செய்தியில் நீர்மட்டம் 120 அடி, நீர் இருப்பு 93.47 டி.எம்.சி. என்று இரண்டு எண் போடுவார்கள். மட்டம் வேறு, இருப்பு வேறு என்பது தமிழ் வாசகருக்குப் பழகிப்போன விஷயம். பனியிலும் அதே பிரிவினை தேவைப்படுகிறது. ரெய்னியரின் தென்சரிவில் 1,600 மீட்டருக்குச் சற்று மேலே பாரடைஸ் என்ற இடம் இருக்கிறது. 1971–72 குளிர்காலத்தில் அங்கே விழுந்த பனியைக் கூட்டினால் 1,122 அங்குலம், அதாவது 28 மீட்டருக்கு மேல். ஆனால் அந்த உயரத்துக்குப் பனி என்றைக்கும் அங்கே நின்றதில்லை. விழ விழ அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே விழுந்தது பனிப்பொழிவு, நிற்பது பனித்தேக்க ஆழம், உருக்கினால் கிடைப்பது பனித்தேக்க நீர் இருப்பு. புதிதாக விழுந்த பனி பத்து அங்குலத்தை உருக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் தண்ணீர்தான். வசந்தத்தில் இறுகிய பனி பத்து அங்குலம் என்றால் நான்கு, ஐந்து அங்குலம்கூட வரும். ஆழத்தை மட்டும் பார்த்து ஆற்றுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லமுடியாது.

அளக்கும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அடியில் பல்வைத்த அலுமினியக் குழாயைப் பனிக்குள் திருகி, தரை தட்டும்வரை இறக்குகிறார்கள். பனித்தண்டோடு சேர்த்து மேலே எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வில்தராசில் தொங்கவிடுகிறார்கள். தராசில் குறித்திருப்பது எடை அல்ல, நேராக நீரின் அங்குலம். வெறும் குழாயின் எடையைக் கழித்தால் கணக்கு முடிந்தது. இந்த முறைக்கு வழிபோட்ட ஜேம்ஸ் சர்ச், நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் சார்ந்த செவ்வியல் பாடம் நடத்திய பேராசிரியர். மொழிக்காரர்கள் நாம் இதில் தலையிடுவதற்கு நல்ல முன்னுதாரணம்!

> பனிச்சரிவு எச்சரிக்கையில் "ஸ்னோபேக்கின் வலுவற்ற அடுக்கு" என்று வருகிறதே. அதனால் பனியடுக்கு என்பதே பொருத்தம்.

அந்தத் தொடரையே தமிழாக்கிப் பாருங்கள். பனியடுக்கின் வலுவற்ற அடுக்கு என்று வந்து நிற்கும். அடுக்கு என்ற சொல்லை லேயருக்கு விட்டுவைக்கவேண்டும். "பனித்தேக்கத்தின் நடுவே வலுவற்ற அடுக்கு" என்றால் சறுக்குபவருக்கும் புரியும், மீட்புக்குழுவுக்கும் புரியும். குவியல் என்பதைக் காற்று ஓரிடத்தில் வாரிக் கொட்டிய மேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

> பனி என்றால் நம் ஊரில் மார்கழிப் பனிதான். குழப்பாதா?

புல்நுனிப் பனி தேங்குவதில்லை, அதனால் தேக்கம் என்ற பின்பாதியே குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் வெண்பனித்தேக்கம் என்று போட்டுவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் விடாப்பிடியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. கிளேசியருக்கு நாம் வைத்திருக்கும் பனியாற்றோடு இது கலந்துவிடக்கூடாது. பனித்தேக்கம் அந்தந்த ஆண்டின் பனி. பனியாறு பல ஆண்டுப் பனி இறுகிப் பனிக்கட்டியாகி நகர்வது. தாழ்ந்த சரிவுகளில் பனித்தேக்கம் தீர்ந்தபிறகும் ஆகஸ்ட், செப்டம்பரில் நிஸ்க்வாலி ஓடுவதற்குப் பனியாறும் ஒரு காரணம். அப்போது பாறைத்தூள் கலந்து தண்ணீர் பால்போல இருக்கும். மலையைச் சுற்றி 150 கிலோமீட்டர் ஓடும் வொண்டர்லேண்ட் நடைபாதையில் போகிறவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. வெயில் ஏற ஏற உருகுநீர் கூடி, காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை மாலையில் ஆளை இழுத்துவிடும். பாலத்துக்குப் போட்ட மரங்களே அடித்துப்போவதுண்டு. வேனில் தொடக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி: மேலே பனித்தேக்கம் கெட்டியாகத் தெரியும், அடியில் ஓடை அதைக் குடைந்து கூடாக்கியிருக்கும். எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் எழுதினால் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட முடியாது.

அடுத்து முடிவுசெய்ய வேண்டியது ஸ்னோ டிராட், அதாவது மலையில் பனி போதுமான அளவு தேங்காததால் வரும் வறட்சி, என்பதற்கான சொல். 2015-இல் வாஷிங்டனில் நடந்தது இதுதான். குளிர்காலத்தில் வானிலிருந்து வந்த நீரின் அளவு வழக்கத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் வெப்பம் கூடியதால் மலைகளில் பெரும்பங்கு மழையாக இறங்கி அப்போதே ஓடிவிட்டது. மே மாதம் மாநிலம் முழுவதற்கும் வறட்சி அறிவித்தார்கள். மழை பொய்க்காத வறட்சி இது. பனிவறட்சி என்றால் சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பனியே பெய்யாத ஊரைச் சொல்வதுபோலவும் படுகிறது. பனித்தேக்க வறட்சி கொஞ்சம் நீளம்; பொருள் மட்டும் பிசகாது. என் வாக்கு பின்னதற்கு. நீர்வளத்துறையில் இருக்கும் நண்பர்கள் இதைவிடக் குட்டையாக ஒன்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.