மூணு மாசத்துல அஞ்சு பஞ்சர், அதுவும் ஒரே டயர்!

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்க. தினமும் மேடவாக்கத்துல இருந்து சிறுசேரிக்கு கார் ஓட்டுறேன். பாதி வழி மெட்ரோ வேலை. மூணு மாசத்துல அஞ்சு தடவை பஞ்சர், எல்லாமே பின்பக்கம் இடது டயர்தான். டியூப்லெஸ், சைஸ் 165/80 ஆர்14, ஓடினது 38,000 கிலோமீட்டர்.

முதல் மூணு தடவை ஆணி கண்ணால பார்த்தேன். ரோட்டோரம் ஒதுங்கி ஓட்டுறதால இடது பக்கம்தான் மாட்டும், முன் டயர் கிளப்பி விடுற ஆணி பின் டயர்ல குத்தும்னு கடைக்கார அண்ணன் சொன்னார். சரிதான். ஆனா கடைசி ரெண்டு தடவை ஆணியே இல்ல! காத்து 33 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) அடிச்சா நாலு நாள்ல 22. சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தப்போ ஒரு தடவை ஓட்டையில சொருகின பழைய ரப்பர் குச்சி ஒட்டு பக்கத்துல குமிழி வந்துச்சு, இன்னொரு தடவை ஒண்ணுமே தெரியல. அவர் இன்னொரு குச்சியைச் சொருகி 150 ரூபா வாங்கிட்டார்.

என் சந்தேகம் ரிம் (டயர் உட்கார்ற உலோக வளையம்) மேல. ஜனவரியில ஒரு பள்ளத்துல 'டம்'னு இறங்கினேன். ரிம் லேசா நெளிஞ்சா இப்படி மெதுவா காத்து இறங்குமா? இல்ல வால்வா? டயரைக் கழட்டி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் மாதிரி ரப்பர் ஒட்டு) போட்டா போதுமா, அஞ்சு தடவை பஞ்சரான டயரைத் தூக்கிப் போடுறதே நல்லதா? பட்டன் (டயர் மேல இருக்குற ரப்பர் கட்டை) தேய்மானக் கோடு வரைக்கும் இன்னும் போகல, அதான் மனசு வரல. டியூப் போட்டுடுங்கன்னு மாமா நச்சரிக்கிறார், எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

வேளச்சேரி, தாம்பரம் பக்கம் ரிம் நெளிவு எடுக்குற நல்ல ஆள் தெரிஞ்சா சொல்லுங்க. வெள்ளிக்கிழமை குடும்பத்தோட திருச்சி போகணும், ஸ்டெப்னியை நம்பித்தான் இப்போ வண்டி ஓடுது.