புது பிரேக் ஷூ போட்டும் மோரிஸ் மைனர் இடது பக்கமே இழுக்கிறது, என்ன செய்யலாம்?

லிந்தாங் ரோட்டுத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய மோரிஸ் மைனர் 1000 கார், பதிவுக் கார்டில் 1961 என்று இருக்கிறது, வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையில் ரொம்ப வருடமாகச் சும்மா நின்றது. போன வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து வருகிறேன். எஞ்சின் ஓடுகிறது, வயரிங் முடிந்துவிட்டது, தரைத்தகட்டில் துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி வெல்டிங் செய்தாயிற்று. இப்போது பிரேக்கில் வந்து மாட்டிக்கொண்டேன்.

நான்கு சக்கரத்துக்கும் புது ஷூ, அதாவது டிரம்மின் உள்சுவரை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை, வரவழைத்துப் போட்டேன். சக்கரத்தோடு சுற்றும் அந்த டிரம்மைக் கழற்றி உள்ளே இருந்த கறுப்புத் தூளைக் கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஷூவை மாற்றி, ஸ்பிரிங்கை மாட்டி, ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பி டைட் வைத்தேன். எண்ணெய் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் சிலிண்டர் எதையும் தொடவில்லை, வெளியே ஒழுகல் இல்லாததால் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் கீழே போகிறது, உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது.

பக்கத்துப் பட்டறையில் கேட்டேன், இந்தக் காலத்துக் காடி இல்லை தம்பி, எனக்குப் பழக்கம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். பாட்டிக்கு வயதாகிவிட்டது. தீபாவளிக்குள் அவரை இந்தக் காரில் ஏற்றிக் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. பிரேக் சரியாகாமல் அவரை ஏற்ற மாட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பனை லோரி:

தம்பி, பேசாமல் டிரம்மை எடுத்துவிட்டு முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றிவிடு. கிட் கிடைக்கிறது. ஒரு தடவை செலவு, அப்புறம் தலைவலி இல்லை. டிரம் பிரேக்கை நோண்டிக்கொண்டே இருந்தால் தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடும்.

ஈப்போ பழைய போமன்:

டிஸ்க் மாற்றுவது அப்புறம் இருக்கட்டும், தம்பியின் காடியில் என்ன கோளாறு என்று முதலில் பார்ப்போம். நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறைக்கு மைனர் நிறைய வரும். கிராணி, தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்), பள்ளிக்கூட வாத்தியார் என்று பாதிப் பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள். நீ சொல்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் பெடல். இரண்டாவது மிதிக்குக் கெட்டியாக மேலே நின்றால், அது பெரும்பாலும் ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்பதால் வருவது. பிரேக் எண்ணெயில் காற்று இருந்தால் இப்படி இருக்காது, மிதிக்க மிதிக்க ஸ்பாஞ்சை அமுக்குவது போல இருக்கும். நீ அட்ஜஸ்டரைத் திருப்பினேன் என்கிறாய். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் எத்தனை அட்ஜஸ்டர் திருப்பினாய்? ஒன்றா, இரண்டா? மைனரின் முன் பிரேக்கில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூ, ஷூவுக்கு ஓர் அட்ஜஸ்டர். பின் சக்கரத்தில்தான் சிலிண்டர் ஒன்று, அட்ஜஸ்டர் ஒன்று. டிரம்மில் ஓர் ஓட்டை இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு வந்து ஓர் அட்ஜஸ்டருக்கு நேராக வைத்துத் திருப்பு, பிறகு அரைச் சுற்று சுற்றி அடுத்ததைத் திருப்பு. தட்டை ஸ்க்ரூ டிரைவரால் வலமாகத் திருப்பிக்கொண்டே போனால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து ஒரு கிளிக் பின்னால் விட வேண்டும். அந்தக் கிளிக் காதுக்குக் கேட்பதை விடக் கைக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது இழுப்பு. காடி இடது பக்கம் போகிறது என்றால் இடது பிரேக் பிடிக்கிறது, வலது பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். ஆகவே வலது முன் சக்கரத்தைப் பார். என் கணக்குப்படி அங்கே இரண்டு சிலிண்டரில் ஒன்று இறுகியிருக்கும். ஒழுகாத சிலிண்டர் நல்ல சிலிண்டர் என்று நினைக்காதே. இத்தனை வருடம் நின்ற காடியில் பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும், நகராதது ஒழுகாது. அந்தப் பக்கம் ஒரே ஷூதான் வேலை செய்யும், மற்றது வெறுமனே உட்கார்ந்திருக்கும். புது ஷூ போட்டால் மட்டும் அது எப்படி அசையும்?

பார்ப்பது சுலபம். காடியைத் தூக்கி ஸ்டாண்ட் போடு, செம்மண் தரை என்றால் ஜாக்குக்கு அடியில் தடிப்பான பலகை வை, இல்லாவிட்டால் ஜாக் மண்ணில் இறங்கும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிரம் தனியாக வந்துவிடும், ஹப்பைத் தொட வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பெடலை ஓர் அங்குலம் மட்டும், மெதுவாக மிதிக்கச் சொல். நீ இரண்டு ஷூவையும் கவனி. டிரம் இல்லாமல் முழுசாக மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும், அதனால் நகரும் ஷூவை ஒரு கிளாம்பால் பிடித்து வைத்துக்கொண்டு மற்றது அசைகிறதா என்று பார். அசையாதது எதுவோ அதுதான் உன் கோளாறு.

இன்னொன்றும் பார்த்துக்கொள். மிதித்து விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே நின்றால், எண்ணெயை வெளியே விடும் ப்ளீட் நிப்பிளைக் கொஞ்சம் திற. உடனே சக்கரம் விடுபட்டால் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஊதிப்போய் எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாது. மைனரில் இப்படி மூன்று ஹோஸ், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வயது தெரியாத ஹோஸ் என்றால் சோதிக்காமலேயே மூன்றையும் மாற்று.

பீடோர் அக்கா:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, அதை அப்படியே செய் தம்பி. எனக்கு உன் எழுத்தைப் படித்ததும் வேறு ஒரு விஷயத்தில்தான் நெஞ்சு திக்கென்றது. அந்தக் கறுப்புத் தூளைக் காற்றடித்தாய் அல்லவா, இனி ஒரு தடவையும் அப்படிச் செய்யாதே. அந்தக் காலத்து லைனிங்கில், அதாவது ஷூவின் மேல் டிரம்மோடு உரசும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், நோய் வர 20, 30 வருடம் கூட ஆகலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட வேண்டும். முகத்துக்கு நல்ல மாஸ்க் போட வேண்டும், காகித மாஸ்க் போதாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த இடத்தை ஈரத்தோடு துடைத்துவிடு, பெருக்காதே. கழற்றிய பழைய ஷூவையும் தேய்க்காமல் அப்படியே பையில் வை.

நான் அப்பாவின் மைனரைச் செய்தபோது முதலில் ஷூதான் சிக்கலாக வந்தது. 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக மாறியது, பின்னால் மட்டும் 7 அங்குலமே. விற்றவர் வருடம் கேட்காமல் அனுப்பிவிட்டார். உன்னுடையது 1961 என்றால் எல்லாமே 7 அங்குலமாக இருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்க் காடிகளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கார்டு சொல்லாது, டிரம்மின் உள் விட்டத்தை அளந்து பார்த்துவிடு, 7 அங்குலம் என்றால் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். நாலைந்து திசையில் அள. அளவு மாறினால் டிரம் முட்டை வடிவமாகிவிட்டது, லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும்.

ஷூ சரியாக உட்காருகிறதா என்று பார்க்க லைனிங் மேல் சாக்பீஸ் தடவு, டிரம்மைப் போட்டு ஒரு சுற்று சுற்றிக் கழற்று. நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தால் ஷூ டிரம்மில் முழுசாகப் படவில்லை. எனக்கு முதல் தடவை இரண்டு விரல் அகலம்தான் அழிந்திருந்தது.

ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதே, ரப்பர் உப்பிவிடும். பிரேக் எண்ணெயிலேயே கழுவு. பிரேக் எண்ணெயில் டாட் 4 என்ற தரம் போதும். பாதி எண்ணெயை வைத்துக்கொண்டு மேலே ஊற்றாமல் முழுசாக மாற்று. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரத்துக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 155-க்கு வந்துவிடுகிறது. சிலிண்டர் துருப்பிடிப்பதும் அந்த ஈரத்தால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடு. பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்று.

பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் ஓட்டுபவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி மூடியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றி நன்றாகத் துடை. நான் துடைக்காமல் திறந்து, ஒரு சிட்டிகை செம்மண் உள்ளே விழுந்து, அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

லோரி அண்ணே, டிஸ்க் தப்பு இல்லை. ஆனால் இறுகிய சிலிண்டரையும் வயது தெரியாத ஹோஸையும் வைத்துக்கொண்டு டிஸ்க் போட்டால் கோளாறு அப்படியே இருக்கும், செலவு மட்டும் கூடும். மாற்றுவதென்றால் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறையிடம்) முதலில் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். ஒழுங்காக வைத்த டிரம் அந்தக் காடியின் வேகத்துக்குத் தாராளமாக நிற்கும். இதில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணெய் லைன்தான், எங்கே ஒரு சிலிண்டர் உடைந்து ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால்தான் நான் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைக்கச் சொல்வதில்லை. முன்னால் நான்கு, பின்னால் இரண்டு, ஆறு சிலிண்டரையும் சேர்த்து மாற்று.

செம்பனை லோரி:

அக்கா சொல்வது நியாயம்தான். தம்பி, முதலில் உள்ளதைச் சரி செய், டிஸ்க் பேச்சை நான் விட்டுவிட்டேன்.

லிந்தாங் ரோட்டுத் தம்பி:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், சிலிண்டர்கள் வரத் தாமதமாகிவிட்டது.

அண்ணன் சொன்னது போலவே வலது முன் சக்கரம்தான். தங்கச்சி பெடலை மிதிக்க, மேல் ஷூ அசைந்தது, கீழ் ஷூ கொஞ்சமும் அசையவில்லை. ரப்பர் உறையை உரித்துப் பார்த்தபோது உள்ளே பழைய எண்ணெயும் துருவும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி கட்டியாக இருந்தது. மரக்கட்டை வைத்துத் தட்டியும் பிஸ்டன் வரவில்லை. இடது பக்கம் இரண்டும் நகர்ந்தன, ஆனால் ஒன்றைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தபோது சுவரில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் தெரிந்தன. அக்கா சொன்னபடி ஆறையும் மாற்றிவிட்டேன், மூன்று ஹோஸும் புதிது. அட்ஜஸ்டர் விஷயமும் அண்ணன் நினைத்ததுதான், முன் சக்கரத்தில் இரண்டாவது ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு ஷூ டிரம்மை விட்டுத் தள்ளியே நின்றிருக்கிறது. டிரம் நான்கும் 7 அங்குலம்தான், வலது முன் டிரம்மை மட்டும் லேத்தில் கொடுத்தேன். கொட்டகையை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

இப்போது பெடல் முதல் மிதியிலேயே நிற்கிறது. நேற்று விடியற்காலை, செம்பனை லோரிகள் வருவதற்கு முன்னால், தோட்டத்துத் தார் ரோட்டில் 40-இல் போய் மிதித்தேன், ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு. நேராக நின்றது. நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நேராகத்தான் நின்றது.

ஒரு சந்தேகம் மட்டும். ரிவர்ஸில் போகும்போது பிரேக் கொஞ்சம் பலவீனமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. அது சரியா?

ஈப்போ பழைய போமன்:

நல்ல வேலை செய்திருக்கிறாய் தம்பி. ரிவர்ஸில் அப்படித்தான் இருக்கும், கோளாறு இல்லை. முன் ஷூ இரண்டும் காடி முன்னால் போகும்போது டிரம்மே அவற்றைத் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், பின்னால் போகும்போது அந்த இழுப்பு கிடைக்காது. மேட்டில் பின்னோக்கி நிறுத்தும்போது கொஞ்சம் அழுத்தி மிதி, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்துக்கொள்.

புது லைனிங் டிரம்மில் உட்காரக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை திடீரென்று மிதிக்காதே. ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓடின பிறகு ஆறு அட்ஜஸ்டரையும் மறுபடி ஒரு தடவை பார், கட்டாயம் ஒரு கிளிக், இரண்டு கிளிக் போகும். ஓட்டி வந்ததும் டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பார், தொடாதே, ஒரு சக்கரம் மட்டும் மற்றதை விடச் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் இறுக்கமாக வைத்திருக்கிறாய்.

பாட்டியை ஏற்றுவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துவிடு. கோவில் எங்கே இருக்கிறது, வழியில் மேடு இருக்கிறதா?

லிந்தாங் ரோட்டுத் தம்பி:

ஒரு சின்ன மேடு இருக்கிறது அண்ணே, கோவில் வாசலுக்கு முன்னாலேயே. கேபிளை இந்த ஞாயிறு பார்க்கிறேன். பாட்டி இப்போதே கொட்டகைக்கு வந்து, முன் சீட்டா பின் சீட்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.