ஜாங்கோ: ரிலேட்டட் மனேஜருக்குள்ள இருந்து பேரன்ட் ஒப்ஜெக்டை எடுக்கிறது எப்பிடி?

பரந்தன்_பொடியன்:
வணக்கம் அண்ணையாக்கள், கமக்காரர் அமைப்பு ஒண்டுக்கு சிறுபோகப் பங்கு பாக்கிற சிஸ்டம் ஜாங்கோவில (பைதனில வெப் தளம் செய்யுற ஃபிரேம்வேர்க்) செய்யுறன். குளம் எண்டு ஒரு மொடல் (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்), வயல் எண்டு இன்னொண்டு, வயலில குளத்துக்கு ஃபொரின் கீ (எந்தக் குளத்து வயல் எண்டு காட்டுற இணைப்பு) இருக்கு. குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குதோ அதை வச்சுத்தான் எந்த வயலுக்குத் தண்ணி எண்டு முடிவாகும். இப்ப பங்கு கிடைக்கிற வயல்களை எடுக்க, மனேஜர் (டேபிளில இருந்து ஒப்ஜெக்டுகளை எடுத்துத் தாறது) வழியா குளம்.வயல்_செட்.பங்குள்ள(குளம்) எண்டு கூப்பிடுறன், குளத்தில இருந்துதானே கூப்பிடுறன் பிறகேன் அதையே திருப்பிக் குடுப்பான்? மனேஜருக்குள்ள நிண்டு குளத்தைப் பிடிக்க வழி இருக்கோ?

மாங்குளம்_அண்ணை:
தம்பி, செல்ஃப்.இன்ஸ்டன்ஸ் போட்டுப் பாரும். குளம்.வயல்_செட் எண்டு தொடேக்க ஜாங்கோ உம்மட டிஃபோல்ட் மனேஜர் கிளாஸில இருந்து இன்னொரு கிளாஸை உருவாக்கி, குளத்தை அதின்ர இன்ஸ்டன்ஸ் எண்ட அட்ரிபியூட்டில வைக்கும். வயல்.ஒப்ஜெக்ட்ஸ்.பங்குள்ள() எண்டு நேரா கூப்பிட்டா மட்டும் அட்ரிபியூட் எரர்தான், அங்க ஏது குளம்.

பரந்தன்_பொடியன்:
இரணைமடுக் குளத்துக்கு நீர்மட்டம் 36 அடி எண்டு போட்டு ஓட்டினன் அண்ணை, வயல்குவெரிசெட்டுக்கு இன்ஸ்டன்ஸ் எண்டு ஒண்டும் இல்லையாம், எரர் அடிக்குது.

நெடுங்கேணி_டெவ்:
மெதட்டைக் குவெரிசெட்டில (தேடி எடுக்கிற ஒப்ஜெக்டுகளின்ர தொகுப்பு) எழுதி, அதை மனேஜராக்க ஆஸ்_மனேஜர்() போட்டிருக்கிறீங்கள் போல. அப்பிடியெண்டா மனேஜரில கூப்பிட்டாலும் அது கெட்_குவெரிசெட்() எடுத்து அதிலதான் மெதட்டை ஓட்டும், செல்ஃப் எண்டுறது அங்க குவெரிசெட். மனேஜர் கிளாஸிலயே எழுதுங்கோ:

கிளாஸ் வயல்மனேஜர்(மொடல்ஸ்.மனேஜர்):
    டெஃப் பங்குள்ள(செல்ஃப்):
        அடி = செல்ஃப்.இன்ஸ்டன்ஸ்.நீர்மட்டம்
        ரிட்டர்ன் செல்ஃப்.ஃபில்டர்(குறைஞ்சமட்டம்__எல்டிஈ=அடி)  # எல்டிஈ: குறைவு இல்லாட்டி சமன்

மொடலுக்குள்ள கன மனேஜர் இருந்தா முதல் எழுதினதுதான் டிஃபோல்ட், மற்றது வேணுமெண்டா குளம்.வயல்_செட்(மனேஜர்='பங்கு') எண்டு பேரைச் சொல்லிக் கேக்கோணும்.

மாங்குளம்_அண்ணை:
ஓம், அதுதான். 36 எண்டா குளம் நிரம்பி வான் பாயிற மட்டம் தம்பி, எல்லா வயலும் ஃபில்டரைத் தாண்டி வந்திடும், குறைச்சுப் போட்டு டெஸ்ட் பண்ணும்.

பரந்தன்_பொடியன்:
வேலை செய்யுது! ஆனா ஃபில்டர்(கரை='இடது').பங்குள்ள() எண்டா திரும்பவும் எரர்.

நெடுங்கேணி_டெவ்:
ஃபில்டர் போட்ட உடன கையில இருக்கிறது குவெரிசெட், மனேஜர் இல்லை. பங்குள்ள().ஃபில்டர்(கரை='இடது') எண்டு மாத்திக் கூப்பிடுங்கோ. குவெரிசெட்டின்ர _ஹின்ட்ஸுக்குள்ளயும் குளம் இருக்கும்தான், அது ஜாங்கோ தன்ர உள்வேலைக்கு வச்சிருக்கிறது, அடுத்த வேர்ஷனில மாத்தினாலும் கேக்கேலாது. எனக்கெண்டா மனேஜரே வேண்டாம், குளம் மொடலில பங்குள்ள_வயல்கள்() எண்டு ஒரு மெதட் எழுதி விட்டா பிறகு வாசிக்கிற ஆளுக்கும் சுகம்.

பரந்தன்_பொடியன்:
அதுவும் சரிதான், குளத்திலயே எழுதிறன். நன்றி அண்ணையாக்கள்.