துப்பாக்கியை விடுங்க, போன சீசனில் உங்களுக்குக் கைகொடுத்த பொருள் எது?

மேட்டுக்காட்டான் (மேடிசன், விஸ்கான்சின்)

ஒன்பது நாள் மான் வேட்டை சீசன் முடிந்துவிட்டது. நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் மீட்டிங் போட ஆள் கிடைக்காது. எனக்கு இது மூன்றாவது வருடம்.

ரைஃபிள் எது, அதன் மேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் எது என்று எல்லாரும் பேசித் தீர்த்தாகிவிட்டது. தோட்டாவில் முப்பது-நாட்-சிக்ஸா, முன்னூற்றெட்டா என்ற சண்டை என் பேரன் காலத்திலும் ஓயாது. அதனால் துப்பாக்கியை விட்டுவிட்டு, இந்தத் தடவை உண்மையாகவே உதவிய ஒரே ஒரு பொருளையும் அது உதவிய கதையையும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது காசு கொடுத்து வாங்கியதே இல்லை. எருக்கம் பஞ்சு.

சரியாகச் சொன்னால் மில்க்வீட். நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. அங்கே எருக்கிலையைத் தின்று வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வளர்கிற மாதிரி, இங்கே மில்க்வீடைத் தின்று மோனார்க் வளர்கிறது. செப்டம்பர் கடைசியில் காய் வெடிக்கும் முன் இரண்டைப் பறித்து, வெடிக்காதபடி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன்.

எதற்கு என்றால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. நம் வாசனை காற்றில் போய்ச் சேர்ந்தால் மான் ஓடிவிடும். முதல் வருடம் வாசனை போக்கும் ஸ்ப்ரே, வாசனையில்லாத சோப்பு, கரித்தூள் வைத்துத் தைத்த சட்டை என்று முன்னூறு டாலர் அழுதேன். ஆனால் முந்தின நாள் வீட்டில் தாளித்த சாம்பார் ஜாக்கெட்டிலேயே குடியிருந்தது. எந்த ஸ்ப்ரேயும் பெருங்காயத்திடம் ஜெயிக்கவில்லை. அப்புறம்தான் பக்கத்துப் பண்ணைப் பெரியவர், "நாற்றத்தை விடு, அது எங்கே போகிறது என்று பார்" என்று பஞ்சைக் காட்டிக்கொடுத்தார். பவுடர் புட்டியைப் பீய்ச்சிப் பார்ப்பவர்களும் உண்டு. பவுடர் பத்தடி போனதும் கண்ணுக்கு மறைந்துவிடும். பஞ்சிழை ஐம்பது அறுபது கஜம் வரை மிதந்து போவதைப் பார்க்கலாம்.

நான் உட்காரும் இடம் மாநிலத்தின் தென்மேற்கு. ட்ரிஃப்ட்லெஸ் என்பார்கள். பனியுகத்துப் பனியாறுகள் தேய்த்துச் சமமாக்காமல் விட்டுப்போன மேடுபள்ளம். வானிலைச் செயலி சொல்லும் காற்று அங்கே மலை உச்சிக்குத்தான் பொருந்தும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கும். வெயில் ஏறினால் அதே காற்று மேலே கிளம்பும்.

இரண்டாம் நாள், ஞாயிறு காலை எட்டரை. செயலி வடமேற்குக் காற்று என்றது. ஒரு இழையை விட்டேன். முதலில் சொன்ன பேச்சைக் கேட்டுத் தென்கிழக்கே போனது. இருபது கஜத்தில் தயங்கியது, எழுந்தது, அப்படியே திரும்பி என் தலைக்கு மேலே சரிவில் ஏறி, மான்கள் வரும் ஒற்றையடிப் பாதையிலேயே போய் விழுந்தது. மூன்று வருடமாக அந்தப் பாதையில் வந்த மான்கள் நூறு கஜத்துக்கு அந்தப் பக்கமே சீறிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாதைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வெயில் ஏற ஏற நானே அவற்றுக்குத் தந்தி அடித்திருக்கிறேன்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு பாதைக்கு மேலே, விளிம்புக்கு ஏறிப் போனேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெண் மான். நாற்பது கஜம், ஒரே தோட்டா. அது மூக்கைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

தளைநார் (துலூத், மின்னசோட்டா)

உங்களுக்குப் பஞ்சு, எனக்குக் கயிறு.

பரணில் உட்காருபவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். லைஃப்லைன் என்று ஒரு கயிறு விற்கிறார்கள். மரத்தில் பரணுக்கு மேலே ஒரு கட்டு, அடிமரத்தில் ஒரு கட்டு. நடுவில் பிரூசிக் முடிச்சு. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும், உடம்புக் கனம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதில் ஹார்னஸை (உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டிக்கொண்டு, கால் தரையில் இருக்கும்போதே ஏறத் தொடங்க வேண்டும். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நானும் நான்கு வருடம் அந்த ஜாதிதான். ஏறும்போதும் இறங்கும்போதும் தானே விழுவோம், உட்கார்ந்திருக்கும்போதா விழுவோம் என்ற சின்னக் கணக்கு என் மண்டைக்கு ஏறவில்லை. இந்த வருடம் வீட்டம்மா கயிற்றை வாங்கி வண்டியில் போட்டுவிட்டு, "இது இல்லாமல் கிளம்பாதே" என்றார்.

முதல் சனிக்கிழமை. இரவு மழை, விடிவதற்குள் எல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. பத்து மணி வரை ஒன்றும் வரவில்லை. தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கயிற்றில் கீழே இறக்கினேன். பரணிலிருந்து ஏணிக்குக் காலை மாற்றினேன். வைத்த கால் அங்கே இல்லை.

விழுந்தது இரண்டடி இருக்கும். முடிச்சு பிடித்துவிட்டது. பதினாறு அடி உயரத்தில், தொடைப் பட்டை இறுக, மரப்பட்டையைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். இங்கேதான் அடுத்த விஷயம். தொங்கிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. பட்டை இறுகினால் காலுக்குப் போன ரத்தம் திரும்பி ஏறாது, மயக்கம் வரும், அதற்கு மேலும் நடக்கும். அதற்காகவே ஹார்னஸோடு ஒரு வளையப் பட்டை கொடுப்பார்கள். அதில் காலை வைத்து எழுந்து நின்றால் தொடைக்குச் சுமை குறையும். என் வளையம் எங்கே இருந்தது? மூன்று சட்டைக்கு உள்ளே, பேன்ட் பாக்கெட்டில். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, தேடி எடுத்து, காலை ஊன்றி, ஏணியைப் பிடிப்பதற்குள் ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. கைபேசியைப் பார்த்தால் ஆறு நிமிடம்தான். இப்போது அந்த வளையம் ஹார்னஸின் வெளிப்பக்கம், வலது கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறது. கைபேசி மார்புப் பாக்கெட்டில்.

தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், விடியும் முன் எத்தனையோ மரம் ஏறி இறங்கியிருப்பார். அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏலே, மரம் ஏறக் கூடாதுன்னுதான உன்னையப் படிக்க வச்சோம்" என்றார்.

ஏரிக்கரை (லான்சிங், மிச்சிகன்)

குழந்தைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் தட்டு. இருபது டாலர். மகளுக்கு வாங்கியது, திருப்பிக் கொடுக்கவில்லை. குடலை எடுத்த பிறகும் மான் நூறு பவுண்டுக்கு மேல். போன வருடம் கொம்பில் கயிறு கட்டி அரை மைல் இழுத்தேன், மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. இந்த வருடம் தட்டில் வைத்துக் கட்டி ஒற்றைக் கையால் இழுத்து வந்தேன். பனி இல்லாத இடத்தில் காய்ந்த சருகின் மேலும் ஓடுகிறது. அவ்வளவுதான்.

மிளகுரசம் (கிரீன் பே, விஸ்கான்சின்)

இங்கே பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று நானே வந்தேன்.

இடுப்புக்கு மேலே உடுத்துவதில் பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது எங்கள் மாநில விதி. 2016-இல் பளீர் பிங்க்கும் போடலாம் என்றார்கள், பெண்கள் நிறைய வருவார்களாம். எனக்கு வேண்டியது நிறம் இல்லை ஐயா, என் இடுப்பு அளவுக்கு ஒரு குளிர்காலப் பேன்ட். நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் பையன்கள் பிரிவில் எடுத்தேன்.

சரி, என் பொருள்: கை சூடாக்கும் சின்னப் பொட்டலம். உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி. பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது, அந்தச் சூடுதான் நமக்கு. இது தெரியாமல் இரண்டு வருடம் இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்துவிட்டு, "டூப்ளிகேட் போல" என்று திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே காற்று போகாவிட்டால் அது என்ன செய்யும்? இந்த சீசனில் ஒன்றை மணிக்கட்டின் உள்பக்கமும் இன்னொன்றைப் பிடரியிலும் வைத்தேன். மைனஸ் 12 செல்சியஸில் நான்கு மணி நேரம் உட்கார முடிந்தது. மீதி இருந்தால் ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். துருப்பிடிப்பது நின்றுவிடும், மறுநாளும் ஆகும்.

புதுப்பரண் (மில்வாக்கி)

எல்லாரும் மலிவு விலையிலேயே போகிறீர்கள். நான் காசு போட்டது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலரில், வருத்தமே இல்லை. முதல் வருடம் பைனாகுலர் எதற்கு, ஸ்கோப்பே இருக்கிறதே என்று இருந்தேன். மங்கல் வெளிச்சத்தில் புதரில் ஏதோ அசைய, ஸ்கோப்பில் பார்த்தால் ஒரு மனிதர், மரத்தடியில் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறார். அதாவது, தோட்டா போட்ட துப்பாக்கியை அவர் மேல் நீட்டியிருக்கிறேன். கை நடுங்கியது. அன்று மாலையே கடைக்குப் போய்விட்டேன்.

கேள்வி மட்டும் (சிகாகோ)

அண்ணன்மாரே, நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நாம் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

மேட்டுக்காட்டான்

பாதி உண்மை, தம்பி. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். உரிமம் காலாவதி ஆகும் தேதியைக் கண்ணிலேயே வைத்துக்கொள். மாநில விதிகள் தனி, அதையும் விசாரி. விசா விஷயம் என்பதால் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிடு, நான் செலவழித்தேன். முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போ. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு விஸ்கான்சினில் அது கட்டாயம்.

கருவேலங்காடு (சான் ஆன்டோனியோ, டெக்சஸ்)

உங்கள் குளிர்க் கதைகளைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்குக் காட்டுப்பன்றி, அதுவும் வியர்க்க வியர்க்க. சொந்தக்காரர் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து உரிமமே வேண்டாம். அவ்வளவு தொல்லை. ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டின மாதிரி வயலைக் கிளறிவிடும். நம் ஊர் நிலக்கடலைக் கொல்லையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் நண்பர்கள் இருட்டில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பைச் சொல்வார்கள். நான் சொல்வது ஒரு பெட்டி நைட்ரைல் கையுறையும் பெரிய ஐஸ் பெட்டியும். காட்டுப்பன்றியிடம் புரூசெல்லா கிருமி இருக்கலாம், கையில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலே உள்ளே வந்துவிடும். கூட வந்த ஒருவர் "என்ன தம்பி, டாக்டர் மாதிரி" என்று கிண்டல் செய்துகொண்டே வெறுங்கையால் அறுத்தார். பிறகு மூன்று வாரம் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி. சோதித்ததில் அதுதான். மாதக்கணக்கில் மாத்திரை. இப்போது அவர் பையில் இரண்டு பெட்டி கையுறை.

ஐஸ் பெட்டியைப் பற்றி ஒன்று: வடிகால் மூடியைத் திறந்து வைத்து, ரத்தத் தண்ணீரை ஓடவிடுங்கள். கறி தண்ணீரில் ஊறினால் வெளுத்துச் சவசவ என்று ஆகிவிடும். சமைக்கும்போது உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், ஃப்ரீசரில் வைத்தாலே கறியில் இருக்கும் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள். நான் குக்கரில் ஐந்து விசில் விட்டு, அப்புறம்தான் வறுப்பேன்.

நெல்வயல் (சாக்ரமென்டோ, கலிபோர்னியா)

வாத்து ஆட்கள் யாரும் இல்லையா? இங்கே அறுவடை முடிந்த நெல்வயலில் வைக்கோல் மட்குவதற்காகத் தண்ணீர் கட்டுவார்கள். முன்பெல்லாம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள், 1991-இல் வந்த சட்டம் அதைக் குறைத்தது. தண்ணீர் நின்றதும் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. தஞ்சாவூர்க்காரனான எனக்குக் கலிபோர்னியாவில் சேற்று மணம் கிடைக்கும் ஒரே இடம். வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுக்கக் கை தானாகப் போகிறது.

என் பொருள்: இடுப்பு பெல்ட். தண்ணீரில் இறங்க மார்பு வரை போடும், நீர் புகாத 'வேடர்' (wader) கால்சட்டைக்கு மேலே கட்டுவது. இருட்டில் வயல் என்று நினைத்து வாய்க்காலில் கால் வைத்துவிட்டேன், கழுத்தளவு. பெல்ட் இறுக்கமாக இருந்ததால் இடுப்புக்குக் கீழே தண்ணீர் அதிகம் இறங்கவில்லை, கால் லேசாக இருந்தது, ஏறி வந்துவிட்டேன். பெல்ட் இல்லாமல் இரண்டு காலிலும் தண்ணீர் நிரம்பியிருந்தால் கரையேறுவதற்குள் கதை முடிந்திருக்கும். டாலர் பன்னிரண்டு. அன்றைக்கு ஒரு வாத்தும் இல்லை, பாக்கெட்டில் இருந்த உரிமமும் நனைந்து கூழ்.

மேட்டுக்காட்டான்

தளைநார் அண்ணா, உங்கள் பதிவைப் படித்த அன்றே நான் ஒரு லைஃப்லைன் வாங்கிவிட்டேன். வளையம் வெளிப்பக்கம்.

இன்னொரு செய்தி. எங்கள் பகுதி மான்களில் 2002 முதல் சிடபிள்யுடி என்ற மூளைநோய் இருக்கிறது. மனிதருக்கு வந்ததாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். தலையைக் கொண்டுபோய், சோதனைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் இலவசமாகவே சோதித்துச் சொல்வார்கள். அதுவரை கறி ஃப்ரீசரில் காவல் இருந்தது. இரண்டு வாரமாக வீட்டில் எல்லாரும் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தோம். இன்று காலை முடிவு வந்தது: நோய் இல்லை.

சனிக்கிழமை மதியம் மிளகு வறுவல். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். மில்க்வீட் காய் ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம்.