கோழிக் கொட்டகையில் அம்மோனியா சென்சார் குறைத்துக் காட்டுகிறது, வழி சொல்லுங்கள்

ஆழ்கூளக் கொட்டகையில் (தரையில் தடிமனாகக் கூளம் பரப்பியது) மின்வேதி சென்சார் வைத்து அம்மோனியா அளப்பவர்களின் உதவி தேவை. 0–100 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சென்சார், கோழியின் தலை மட்டத்தில், கூளத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முதல் வாரம் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயின் அளவோடு ஒத்துப்போனது. மூன்றாம் வாரம் குழாய் 25 காட்டும்போது சென்சார் 14தான் காட்டுகிறது. 25 பிபிஎம்தான் பரவலாகச் சொல்லப்படும் மேல் வரம்பு. ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் போனால் கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழாயும்தான் கெடும்.

தூசி வடிகட்டியை மாற்றியும் பலனில்லை. இடைவிடாமல் அம்மோனியா பட்டு சென்சாருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் (வேதிக் கரைசல்) தீர்ந்துபோவதாகத் தோன்றுகிறது. அதனால் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு வைத்து, 5 நிமிடம் கொட்டகைக் காற்று, 25 நிமிடம் வெளிக்காற்று என்று டெஃப்லான் குழாய் வழியாகச் சென்சாருக்கு மாற்றி இழுக்கத் திட்டம். ஆனால் இரவில் அந்த டெஃப்லான் குழாய்க்குள் நீர் கோத்தால் அம்மோனியா அதில் கரைந்துவிடும். வெயில் ஏறியதும் வெளியேறி அளவைக் கூட்டிக் காட்டும்.

8 மீட்டர் டெஃப்லான் குழாய்க்குச் சூடேற்றும் கம்பி சுற்றியவர்கள் எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்? அளவு நிலைக்க 5 நிமிடம் போதுமா? அளவுத்திருத்த வாயுவை (அம்மோனியா அளவு முன்பே தெரிந்த வாயு) சென்சாரில் நேராகக் கொடுத்தீர்களா, டெஃப்லான் குழாயின் நுனியிலா? பதிலோடு கூளத்தின் ஈரப்பதத்தையும் குறிப்பிடுங்கள். அது தெரியாமல் அளவுகளை ஒப்பிட முடியாது.