மறு: டிரைவருக்கு 'ஓட்டுநர்' வேண்டாம், சரி. பிறகு என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

கோல்ஃப் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை ஒரு வாரமாக ஓரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். பந்தை முதலில் நெடுந்தூரம் அடிக்கிற 'டிரைவர்' என்ற கோலுக்கு 'ஓட்டுநர்' என்று முதல் மடலில் எழுதியவரை எல்லோரும் போதுமான அளவு ஓட்டிவிட்டீர்கள், நானும் சேர்ந்துகொள்ள வேண்டாம். ஆனால் நேற்று வந்த இந்த வரிக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை:

> டிரைவர் = முதற்கோல், ஃபேர்வே வுட் = புல்வழி மரக்கோல். எளிமையாக இருக்கிறது, இதில் என்ன குறை?

குறை மரத்தில் இருக்கிறது ஐயா. ஃபேர்வே வுட், அதாவது ஆடுகளப் புல்லிலிருந்து பந்தைத் தூரமாக அடிக்கிற கோல், அதில் மரமே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. தலைப்பகுதியைப் பெர்சிமன் மரத்தில் கடைந்து செய்தார்கள், அந்த மரம் நம் கருங்காலிக்குப் பங்காளி, இரண்டும் ஒரே பேரினம். 1979இல் டெய்லர்மேட் கம்பெனி எஃகுத் தலையோடு ஒன்றைக் கொண்டுவந்தது, 1990களில் டைட்டேனியம் வந்தது, மரத்தின் கதை அதோடு முடிந்தது. ஆங்கிலத்தில் 'வுட்' என்ற பெயர் பழக்கத்தினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அது பழைய வீட்டின் பெயர்ப்பலகை மாதிரி. இன்றைக்குப் புதிதாகப் பெயர் வைக்கிற நாம் எதற்கு இல்லாத மரத்தைச் சுமக்க வேண்டும்? (மரபைக் காப்பாற்றியே தீருவேன் என்பவர் 'கருங்காலி' என்றே வைத்துவிடலாம். தேவையான நேரத்தில் காட்டிக்கொடுப்பதில் என் டிரைவருக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும்.)

பொருளை வைத்துப் பெயர் வைத்தால் பொருள் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். எண்ணை வைத்து 'முதற்கோல்' என்றால் அது என்ன செய்கிறது என்று தெரியாது. செய்கிற வேலையை வைத்துப் பெயர் வைப்போம் என்பதுதான் என் கட்சி. இந்த இரண்டு கோல்களுக்கும் வேலை வேறு வேறு, அடிக்கிற விதமும் வேறு. அது தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி வீசித்தான் நான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

டிரைவர் அடிக்கும்போது பந்து தரையில் இல்லை. டீ என்கிற சிறு முளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கோல்தலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலையின் மேல்விளிம்புக்கு மேலே பாதிப் பந்து தெரிய வேண்டும். வலக்கைக்காரர் என்றால் பந்து இடது குதிகாலுக்கு நேராக, கொஞ்சம் உள்ளே. அப்போதுதான் கோல் வீச்சின் அடிமட்டத்தைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கும்போது பந்தைத் தொடும். முழு வீச்சில் ஏறுமுகமாக அடிக்கிற ஒரே கோல் இதுதான். ஏவுகணை, ஏவுதளம் என்று நமக்கு ஏற்கெனவே பழகிய 'ஏவு' இங்கே கச்சிதமாக உட்காருகிறது.

ஃபேர்வே வுட் பெரும்பாலும் புல்லில் கிடக்கிற பந்தை அடிப்பதற்கு. அங்கே முளை கிடையாது. பந்தை இன்னும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி வைத்து, தரையோடு தரையாக, இம்மியளவு இறங்குமுகமாக, புல்லை வாரிக்கொண்டு போகிற மாதிரி அடிக்க வேண்டும். பந்தைத் தூக்கிவிடலாம் என்று மணிக்கட்டை மடக்கினால் கோல் பந்தின் மண்டையில் படும், பந்து எலி மாதிரி தரையில் ஓடும். தூக்குகிற வேலையைக் கோலின் சாய்வு பார்த்துக்கொள்ளும், நாம் வாரினால் போதும். எனவே 'வாரு'.

> வாருகோல் என்றால் துடைப்பம். யாழ்ப்பாண அகராதி முதல் நாஞ்சில் நாட்டு அடுக்களை வரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியும். எங்கள் பக்கத்திலும் வாரியல்தான். அதனால்தான் 'கோல்' வேண்டாம் என்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, 'கோல்ஃப் கோல்' என்று சொல்லிப் பாருங்கள், திக்குவாய் மாதிரி இருக்கிறது, போதாக்குறைக்குக் கால்பந்துக்காரர்கள் வேறு கோல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கோலுக்குச் சொல்கிற 'கிளப்' என்றே விடலாம் என்றால் அதுவும் வம்பு: கிளப்பில் கிளப்பை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று போன மாதம் வீட்டில் சொன்னேன், என் மாமனார் காபி கிளப் காலத்து ஆள், எந்த ஓட்டலில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டார்.

என் வேட்பாளர்: செண்டு. முனை வளைந்த, கையில் பிடித்து வீசுகிற தடி. ஐயனார் கையில் பார்த்திருப்பீர்கள். உக்கிரபாண்டியன் மேரு மலையையே செண்டால் அடித்தான் என்பது மதுரைக் கதை. மலையை அடித்ததற்குப் பந்தை அடிக்கத் தெரியாதா?

ஆகவே: டிரைவர் = ஏவுசெண்டு. ஃபேர்வே வுட் = வாருசெண்டு. இரண்டும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, 'ஏவுச்செண்டு' என்று தயவுசெய்து யாரும் திருத்தி அனுப்ப வேண்டாம். இந்தக் கோல்களுக்கு 3, 5, 7 என்று எண் உண்டல்லவா, வாய்க்குச் சுருக்கமாக 'மூணாம் வாரி', 'அஞ்சாம் வாரி' என்று எண்ணோடு சொல்லிக்கொள்ளலாம்.

செண்டு என்றால் இன்றைக்குப் பூச்செண்டுதானே நினைவுக்கு வரும் என்று ஒரு அம்மா தனிமடலில் கேட்டிருந்தார். நியாயம்தான். வரவேற்புரையில் செண்டு கொடுத்தார்கள் என்றால் பூ, ஆட்டத்தில் செண்டை எடுத்தார் என்றால் தடி. இடம் பார்த்துப் புரியாதா? 'ஏவல்' என்றால் பில்லி சூனியம் என்று இன்னொருவர் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை, என் பந்துகள் போகிற திசையைப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுதான் படுகிறது.

அடுத்தது லாஃப்ட். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

> லாஃப்ட் = ஏற்றக்கோணம்

இது ஆளைக் கவிழ்த்துவிடும். பந்தைத் தொடுகிற கோல்முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது ஒன்று, அதுதான் லாஃப்ட். பந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பது வேறொன்று. ஒரே 10.5 பாகை ஏவுசெண்டை ஏறுமுகமாக அடித்தால் பந்து ஒரு கோணத்தில் கிளம்பும், இறங்குமுகமாக அடித்தால் தாழ்ந்து போகும். முன்னதற்கு 'முகச்சாய்வு', பின்னதற்கு 'எழுகோணம்'. ஏற்றக்கோணம் என்று ஒரே சொல்லை வைத்தால் கடைக்காரர் சொல்வது கோலைப் பற்றியா பந்தைப் பற்றியா என்று தெரியாமல் நிற்போம்.

முகச்சாய்வில் நான் ஏமாந்த கதை இருக்கிறது. என் சித்தப்பா மகன், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் 9 பாகைதான் வைத்திருக்கிறார்கள் என்றான். வாங்கினேன். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் ஒரு மாலை முழுக்க அடித்தேன், பந்தெல்லாம் வலப்பக்க வேலியில் போய்ச் சேர்ந்தது, ஒன்றிரண்டு வேலிக்கு அந்தப்பக்கமும். சாய்வு குறையக் குறையப் பந்து பக்கவாட்டில் வளைவது கூடும், வீச்சில் வேகம் இல்லாதவனுக்குப் பந்து காற்றில் நிற்கவும் நிற்காது. இப்போது 12 பாகை வைத்திருக்கிறேன். பந்து நேராகப் போகிறது, தூரமும் கூடத்தான் போகிறது, சித்தப்பா மகனிடம் எண்ணை மட்டும் சொல்வதில்லை. வாருசெண்டிலும் இதே கதைதான். மூணாம் வாரி சுமார் 15 பாகை, அஞ்சாம் வாரி 18, ஏழாவது 21. தரையிலிருந்து மூணாவதைச் சரியாக அடிப்பது கடினம், என்னைப் போன்றவர்கள் அஞ்சாவதில் தொடங்குவது நல்லது. மே மாதம் நந்தனம் கோல்ஃப் மைதானத்தின் தரை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும்போது அடிப்பாகம் தட்டி எகிறும், அந்த நாட்களில் அஞ்சாவதே பிழைக்கும் வழி.

தலையின் அளவு, நீளம் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். விதிப்படி தலை 460 கன செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, 2004 முதல் இப்படி. நீளம் 48 அங்குலம் வரை, ஆனால் 2022 முதல் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் 46 என்று குறைத்துக்கொள்ளலாம். கடையில் பெரும்பாலும் 45, 45½ தான் கிடைக்கும். நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் நடுவில் படாது.

'நடுவில்' என்றதும் நினைவுக்கு வருகிறது, ஸ்வீட் ஸ்பாட், அதாவது கோல்முகத்தில் பந்து பட வேண்டிய சரியான இடம்.

> இனிமைப் புள்ளி / தேன்புள்ளி

வேண்டாம், பலகாரக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. கோலுக்கு முகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, முகத்தின் நடுவில் இருப்பது பொட்டு. 'பொட்டில் அடித்தாற்போல' என்று ஏற்கெனவே சொல்கிறோம், அது நெற்றிப்பொட்டு, இருக்கட்டுமே. 'பொட்டில் பட்டது' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொட்டை விட்டு முனைப் பக்கம் பட்டால் தலை திரும்பும், பந்து எதிர்த்திசையில் சுழலும், அதைச் சரிக்கட்டத்தான் கோல்முகத்தைத் தட்டையாக விடாமல் லேசாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஷாஃப்ட் = தண்டு, இதில் சண்டை இல்லை. ஃப்ளெக்ஸ் என்பதற்கு 'நெகிழ்வு' என்று நான்கு பேர் வாக்களித்திருக்கிறீர்கள். நான் 'துவள்வு' என்பேன். தண்டு நெகிழவில்லை, வீசும்போது துவண்டு நிமிர்கிறது. மெதுவாக வீசுபவருக்குத் துவள்வு கூடுதலாக, வேகமாக வீசுபவருக்குக் குறைவாக. ஆனால் 'ரெகுலர்', 'ஸ்டிஃப்' என்று தண்டில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு எதுவும் இல்லை, ஒருவரின் ஸ்டிஃப் இன்னொருவரின் ரெகுலர். கையில் வாங்கி நாலு பந்து அடித்துப் பார்ப்பதுதான் வழி.

போன ஞாயிறு இந்தச் சொற்களை நந்தனத்தில் கோல்பையைச் சுமந்து வருகிற கேடி தம்பியிடம் சோதித்தேன். 'ஏவுசெண்டு' என்றதும் சிரித்தான். மூன்றாவது குழியில் நான் பையைத் துழாவும்போது அவனே, "சார், எதிர்காத்து அடிக்குது, ஏவி வேணாம், வாரி எடு" என்றான். எடுத்தேன். பொட்டில் படவில்லை, அது வேறு விஷயம்.

வுட்டும் இரும்புக்கோலும் கலந்த ஹைபிரிட்டுக்கு 'கலப்புசெண்டு' என்று யாரும் அவசரப்பட்டுப் பட்டியலில் ஏற்ற வேண்டாம், அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சைதாப்பேட்டை சோம்பேறி